கொச்சிக் காலுக்கு ஒரு மாத்திரை

(மட்டாஞ்சேரியில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய அமெரிக்க அரசியல், அறிவியல், மருத்துவம், அந்நாட்டு வரலாறு, இவை நான்கையும் பற்றி மனத்தில் பட்டதைப் பேசுங்கள் என்றார்கள். மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு மருந்தை எடுத்துவைத்துக்கொண்டு, இதை யார் செய்தார், எதற்காகச் செய்தார், கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் அரசியலும் வரலாறும் தாமாக வந்து நிற்கும். இன்று நான் எடுத்துக்கொண்டது டி.இ.சி. மாத்திரை. முழுப்பெயர் டைஎத்தில்கார்பமசின். யானைக்கால் தடுப்பு மாத்திரை என்று சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொடுப்பார்களே, அதேதான்.

இந்த ஊரில் அதைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. யானைக்கால் நோய்க்கு ஆங்கிலேயர் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர் ‘கொச்சின் லெக்’. 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதைப் பார்க்கலாம். மிளகுக்கும் ஏலத்துக்கும் பெயர்போன துறைமுகம், இந்த வீக்கத்துக்கும் பெயர் கொடுத்தது. அதற்கும் முந்நூறு ஆண்டு முன்னால், கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் ஒரு கதையை எழுதிவைத்திருக்கிறார். மயிலாப்பூரில் புனித தோமையாரைக் கொன்றவர்களின் வாரிசுகளுக்குத்தான் கால் இப்படி வீங்குகிறதாம், அது பரம்பரைச் சாபமாம். நோய் வந்தவனையே குற்றவாளியாக்கும் விளக்கம் எல்லா ஊரிலும் எல்லா மதத்திலும் உண்டு. வந்தவனுக்கு வலி, மற்றவர்களுக்கு ஒரு கதை.

சாபம் எங்கிருந்து வந்தது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் துண்டு துண்டாகத் தெரிய வந்தது. 1872-ல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ், நோயாளியின் ரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைப் பார்த்தார். 1876-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் வளர்ந்த புழுவைக் கண்டார். 1877-ல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், அந்தப் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தார். ஒரு நோய்க்கிருமி பூச்சிக்குள் வளர்கிறது என்று காட்டிய ஆரம்பகாலச் சான்றுகளில் இது முக்கியமானது. ரொனால்டு ராஸ் மலேரியாவைத் துரத்திப் போனதற்கு மேன்சனின் தூண்டுதல் ஒரு காரணம்.

புழுவின் நடத்தை விசித்திரமானது. வளர்ந்த புழுக்கள் நம் நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பகலில் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கியிருந்துவிட்டு, இரவில் ரத்த ஓட்டத்தில் மேலே வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். சாக்கடையும் தேங்கிய கழிவுநீரும் இந்தக் கொசுவுக்குப் பிறந்த வீடு. ராமேஸ்வரம் கால்வாயையும் கல்வத்திக் கால்வாயையும் தினமும் தாண்டிப் போகிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். குஞ்சுப் புழு உள்ளவருக்குப் பல ஆண்டு எதுவுமே தெரியாது. பிறகு குளிர்க்காய்ச்சல், நெறி கட்டுதல், கால் வீக்கம். ஆண்களுக்கு விதைவீக்கம். அதை டாக்டரிடமே சொல்ல வெட்கப்பட்டு வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் கொச்சியிலும் உண்டு, கும்பகோணத்திலும் உண்டு. யானைக்கால் உள்ள வீட்டில் பெண் எடுக்கத் தயங்கிய காலத்தை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காரணம் தெரிந்து எழுபது ஆண்டு ஆகியும் நம்பகமான, பாதுகாப்பான மருந்து வரவில்லை. ஆர்செனிக், ஆன்டிமனி என்று கடும் உலோகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் பெரும்பாலும் ஆசியாவின், ஆப்பிரிக்காவின் ஏழைகள். அவசரம் யாருக்கும் இல்லை.

அவசரம் வந்தது இரண்டாம் உலகப் போரில். சமோவா முதலிய பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்க வீரர்களுக்கு 1943 வாக்கில் நெறி கட்டி, கை கால் வீங்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பினால் யானைக்கால் வந்துவிடுமோ, ஆண்மை போய்விடுமோ என்ற பயம் படைக்குள் பரவியது. நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பருத்தி எலிகளுக்கு வரும் ஒரு ஃபைலேரியாப் புழுவின் மேல் ரசாயனம் ரசாயனமாகச் சோதித்தார்கள். 1947-ல் நம் டி.இ.சி. ஹெட்ரசான் என்ற வணிகப் பெயரில் வெளிவந்தது. மனிதர்களிடம் முதல் சோதனை போர்ட்டோ ரிக்கோவில் நடந்தது. அமெரிக்காவின் கொடிக்குக் கீழே இருந்தும் அதிபர் தேர்தலில் ஓட்டில்லாத தீவு அது. இன்றைக்கும் இல்லை.

அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

நம்மில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. 1895-ல் பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து தேறியவர். மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று அறுவைச் சிகிச்சை வகுப்புக்கும் கதரிலேயே போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்ற வயிற்று நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவருக்கும் அதே நோய் வந்து, டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தில் பிழைத்தார். பிறகு லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறியல் கற்பித்தார். வெப்பமண்டல நோய்களைப் படிக்க வேண்டும் என்று கர்ப்பிணி மனைவியை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பிறந்த குழந்தை சிறு வயதிலேயே இறந்தது. அவர் திரும்பி வரவே இல்லை.

பாஸ்டனில் அவர் இறங்கியது 1923 அக்டோபரில். அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். அதே ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய சீக்கியர். சாதாரண மனிதர் ‘வெள்ளையர்’ என்று எவரைச் சொல்வாரோ அந்தக் கணக்கில் இந்தியர் வர மாட்டார், ஆகவே குடியுரிமை கிடையாது என்பது தீர்ப்பு. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. ஆசியர்களைத் தடுக்க 1917-லேயே சட்டம் வந்திருந்தது. மாணவர்களுக்கு விலக்கு இருந்ததால் சுப்பாராவ் உள்ளே நுழைந்தார்.

டாக்டர் படிப்புப் படித்தவர், பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில் இரவு நேர வார்டு ஊழியராக நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவிப் பிழைத்தார். பகலில் ஹார்வர்டு. சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயில் நீலம் படரும்போது, ‘இந்த இரண்டாவது பெயர் யார் சார்?’ என்று கேட்கும் ஒரு மாணவராவது ஆண்டுக்கு ஆண்டு வந்துவிடுவார். 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதைக் காட்டினார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் அதைத் தனியாகக் கண்டார். நீங்கள் இப்போது இமை மூடித் திறப்பதும் அந்த மூலக்கூறின் செலவில்தான்.

ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. அங்கே அவரோடு பணியாற்றி, பின்னாளில் 1988-ல் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை மற்றவர்கள் பல ஆண்டு கழித்து மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டிவந்தது என்றும், ஃபிஸ்க் அவற்றை வெளியிட விடாததே காரணம் என்றும் சொல்லியிருக்கிறார். 1940-ல் சுப்பாராவ் லெடர்லிக்குப் போனார். அங்கே எட்டே ஆண்டுகள். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கும் ஒருவகை ரத்தசோகைக்கும் மருந்தாகிய ஃபோலிக் அமிலத்தின் தயாரிப்பு. ஆரியோமைசின், அதாவது டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. யானைக்காலுக்கு ஹெட்ரசான். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் அமினோப்டெரின். அமினோப்டெரினை அதே பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் கட்டுரை வந்தது. புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்ற துணிவு உலகத்தில் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்தில் இறந்தார். வயது 53.

ஒரு சின்ன இடைச்செருகல், என் தொழில் பழக்கம். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு நம்மில் சிலர் சாப்பிடுகிறோம். அந்த மருந்து மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு தடவை மட்டுமே. தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. வீட்டில் பெரியவர்கள் யாராவது சாப்பிட்டால் எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

குடியுரிமைக்கு வருவோம். 1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் வந்து இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது. ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம். சுப்பாராவ் அமெரிக்கக் குடிமகனாகாமலேயே இறந்தார். அவர் பெயர் மங்கிப்போனதற்கு நிறவெறியை மட்டும் காரணம் காட்டுவது முழு உண்மை ஆகாது. கூட்டம், விழா, படம் பிடித்தல் எல்லாவற்றிலும் ஒதுங்கியே இருந்தவர் அவர். உதவியாளர்களின் பெயரை முன்னால் நிறுத்தியவர். சென்னையும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. நாம் செய்தது, 1995-ல் நூற்றாண்டுக்கு ஒரு அஞ்சல்தலை. ‘நம்ம ஆள் அமெரிக்காவில் சாதித்தார்’ என்று மார்தட்டுவதற்கு முன்னால், கதர் போட்டதற்காக அவர் பட்டத்தைக் குறைத்த கல்லூரி எந்த ஊரில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறர் அறிவை வாங்கிக்கொண்டு அவர் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு, ஹார்வர்டுக்கு வெகுகாலம் முன்பே இந்தக் கொச்சியில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்’, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. மலையாள நாட்டுச் செடிகள் 740-க்கும் மேல் அதில் உண்டு. செடிகளின் குணத்தைச் சொன்னவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களும் உழைத்தார்கள். அச்சுதன் தன் கையால் கோலெழுத்து என்ற பழைய லிபியில் எழுதி 1675 ஏப்ரல் 20 என்று தேதியிட்ட சாட்சிமொழியை முதல் தொகுதியில் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். வான் ரீட் புண்ணியவான் அல்ல, போர் செய்து கோட்டை பிடித்த டச்சுக் கம்பெனியின் ஆள். இருந்தும் ஈழவர் ஒருவரின் கையெழுத்தை அவரது லிபியிலேயே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அந்தக் காலத்துக் கேரளத்தில் அச்சுதனுக்கு அந்த மரியாதையை எந்த அரண்மனை கொடுத்திருக்கும்? தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி அந்நூலை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்த பிறகே நம்மவர்களுக்கு அச்சுதன் யார் என்று தெரிந்தது.

இதே பாடம் பாஸ்டன் நகரிலேயே 1721-ல் நடந்தது. பெரியம்மை பரவியபோது காட்டன் மாதர் என்ற பாதிரியார், அம்மைப்பாலைக் கீறி உள்ளே விட்டால் நோய் லேசாக வந்து போய்விடும் என்றார். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒனெசிமஸ், அவர் வீட்டு ஆப்பிரிக்க அடிமை. ஊர் கொதித்தது. அடிமை சொன்னதைக் கேட்பதா என்று பத்திரிகைகள் எழுதின. மாதர் வீட்டுச் சன்னல் வழியாக வெடிகுண்டு வீசினார்கள். பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் விடாமல் சுமார் 240 பேருக்குப் போட்டார். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் இறந்தார்கள். தானாக அம்மை வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு. எண்ணிக்கை வைத்து ஒரு சிகிச்சையை எடைபோட்ட பழைய கணக்குகளில் இது ஒன்று. எதிர்ப்பு எழுதிய பத்திரிகை பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் அண்ணனுடையது. பின்னாளில் 1736-ல் ஃபிராங்க்ளின் தன் நான்கு வயது மகனைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். அவனுக்கு அம்மை குத்தாமல் விட்டேனே என்று கடைசிவரை வருந்தினார்.

அதனால் இன்று அமெரிக்காவில் நடப்பதைப் பார்த்து நான் அதிர்ச்சி அடையவில்லை. கவலைப்படுகிறேன். தட்டம்மையை ஒழித்துவிட்டோம் என்று அந்த நாடு 2000-ல் அறிவித்தது. 2025-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. மூன்று பேர் இறந்தார்கள், அதில் இருவர் டெக்சாஸ் குழந்தைகள். மூவருமே தடுப்பூசி போடாதவர்கள். அதே ஆண்டு ஜூனில் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர், தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே வீச்சில் நீக்கினார். மே மாதம், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையை ஹார்வர்டிடமிருந்து அரசு பறிக்கப் பார்த்தது. நீதிமன்றம் தடுத்தது. செப்டம்பரில், புதிய எச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். மாணவராக வந்த பீமாவரத்துப் பிள்ளையை, 1923-ல் ஹார்வர்டுக்கு அப்படி ஒரு தடை இருந்திருந்தால், அது சேர்த்திருக்க முடியாது. இழப்பு பீமாவரத்துக்கு மட்டுமா?

நம் மாத்திரையையும் இந்தப் போக்கு தொட்டது. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கு அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு 2006 முதல் நடத்திய திட்டம், யானைக்காலும் அதில் சேர்த்தி, 2025 ஜனவரியில் நின்றது. உலக சுகாதார அமைப்பிலிருந்து விலகும் உத்தரவும் அதே மாதம் 20-ஆம் தேதி. இந்தியாவின் மாத்திரை வழங்கல் பெரிதும் நம் சொந்தச் செலவு என்பதால் நமக்கு அடி குறைவு. ஆப்பிரிக்க நாடுகளுக்கு அப்படி இல்லை. உலக சுகாதார அமைப்பு இலவசமாக அனுப்பும் டி.இ.சி. மாத்திரைகளை ஜப்பானின் எய்சாய் நிறுவனம் விசாகப்பட்டினத்தில் தயாரித்துக் கொடுக்கிறது. சுப்பாராவின் ஆந்திரத்திலேயே.

அமெரிக்கா சரிகிறது என்று நம் பக்கத்தில் சிலர் கைதட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் முதுகைத் திரும்பிப் பார்க்கலாம். 2017-ல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வந்தபோது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்தி பெற்றோரை மிரட்டியது. மலப்புறத்தில் 2015, 2016 வாக்கில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து, ஊசி போடாத பிள்ளைகளைக் கொண்டுபோனது. யானைக்கால் மாத்திரைத் திட்டம் 2004 முதல் நாட்டில் நோய் உள்ள மாவட்டங்களில் நடக்கிறது. வாங்கியவர் எண்ணிக்கைக்கும் விழுங்கியவர் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளிதான் அதன் தீராத நோவு. வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, ‘அப்புறம் சாப்பிடுகிறேன், சேச்சி’ என்று அனுப்பிவிடுவோம். மாத்திரை சாப்பிட்டால் காய்ச்சல் வருகிறதே என்பார்கள். உடலில் புழுக் குஞ்சு உள்ளவருக்கு அவை சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் ஓரிரு நாள் வரும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கடும் நோயாளிகள் தவிர மற்றவர்கள் சாப்பிட்ட வயிற்றோடு விழுங்கலாம். ஏற்கெனவே வீங்கிப்போன காலை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர வைத்தால் காய்ச்சலும் புண்ணும் குறையும்.

கடல் தாண்டி இருக்கும் இலங்கை 2016-ல் யானைக்காலை ஒழித்த நாடு என்று உலக சுகாதார அமைப்பிடம் சான்று வாங்கிவிட்டது. போர் தின்ற நாடு அது. நமக்கு இலக்கு 2027. பணமும் மாத்திரையும் நம்மிடம் உண்டு, மருந்தைக் கண்டவரும் நம்மவர். கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மாநகராட்சியிடம் சண்டை போடுங்கள், அது உங்கள் உரிமை. உங்கள் தெருவுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் ரத்தப் பரிசோதனைக்கு ஆள் வந்தால், இந்த நேரத்தில் என்ன ரத்தம் என்று கதவைச் சாத்தாதீர்கள். புழு வெளியே வரும் நேரம் அது. விரலை நீட்டுங்கள். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் வங்காள, ஒடியத் தொழிலாளிகளையும் கூப்பிட்டு நீட்டச் சொல்லுங்கள்.